பிக்கரிங் சுவருக்குத் தண்ணீர் விட்ட கதை

சுவருக்குத் தண்ணீர் விட்டது நான்தான். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. இனிக் கேட்கிற எண்ணமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் கொண்டாட்டம் வந்தாலும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, கடைசியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். எழுத்து எனக்குப் பெரிதாக வராது. (எட்டாம் வகுப்போடு சரி.) சுருக்கமாகத்தான் இருக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு. ரொறன்ரோவில் கட்டட வேலை. கட்டட வேலை என்றால் கூட்டுவதும் சுமப்பதும். பூசுகிறவர்கள் வருவார்கள், பூசுவார்கள், போவார்கள். அவர்கள் போட்ட குப்பையை அள்ள நானும் ரூபனும்.

ரூபன் என்ற பெயரைக் கேட்டு, எங்கள் ஆள் என்று நினைத்து, முதல் நாள் அவரிடம் தமிழில் நீளமாகக் கதைத்தேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தான் பிலிப்பைன்ஸ், செபு தீவு என்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அங்கே மூத்த ஆண்களை 'நோய்' என்று கூப்பிடுவார்களாம். ஒரு மனிதரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? அண்ணை என்றேன். அவருக்கும் அது பிடித்துப்போனது.

ஊரில் அவர் சுவர் பூசியவர். இங்கே கையில் கூட்டுகிற தும்புத்தடியைக் கொடுத்திருந்தார்கள். தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டே தன் தொழிலின் பெயரை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வார், மறந்துவிடக் கூடாது என்பது போல. அவர் மொழியில் பூச்சு, பலித்தாதா. அதற்கு முன்னால் 'திக்' வைத்தால் பூசுகிற ஆள்: திக்பலித்தாதா. 'கி' என்று தொடங்கி 'ஹன்' என்று முடித்தால் பூசி முடித்த சுவர்: கிபலித்தாதாஹன். லூத்தோ சமையல், திக்லூத்தோ சமைக்கிறவர். லிம்ப்யோ துப்புரவு, திக்லிம்ப்யோ நாங்கள் இரண்டு பேரும். எங்களிடம் மேசன் வேறு, தச்சன் வேறு. அவர்களுக்கு ஒரு 'திக்' போதும். பின்னால் வேலையைக் கொளுவினால் ஆள் தயார். எனக்கு இது நன்றாகப் பிடித்தது. (பின்னால் கொளுவுகிற வேலை தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.)

இன்னொன்றிலும் நாங்கள் ஒற்றுமை. அவர் ஊரிலும் என் ஊரிலும் பூச்சு என்றால் சீமெந்து. பூசிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டும். விடாவிட்டால் வெடிக்கும். இந்த நாட்டுக்காரர் பூசிவிட்டு ஒரு தகரப் பேணி தண்ணீர்கூடக் காட்டாமல் போவதைப் பார்த்து நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். சோம்பேறிகள் என்று இரண்டு பாஷையிலும் திட்டுவோம்.

அந்த நேரத்தில்தான் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். மிசிசாகாவில் ஒரு குடும்பம். பெண்ணின் பெயர் தேவி. பெடியனுக்கு என்ன வேலை என்று தகப்பன் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அக்கா என்னைக் கேட்டாள். நான் கூட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் 'திக்' வந்தது. பிளாஸ்ரறர், சுவர் பூசுகிறவன், என்றேன்.

அக்காவும் அத்தானும் பிக்கரிங்கில் வீடு வாங்கியிருந்தார்கள். (சாமான்களோடு குடியேறியாகிவிட்டது. பால் காய்ச்ச மட்டும் நல்ல நாளுக்குக் காத்திருந்தார்கள்.) பால் காய்ச்சுகிற குடிபூரலுக்கு மிசிசாகாக்காரர் வருவதாகவும், அன்றைக்கே என்னைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. அக்கா முன்கூடத்துச் சுவரைக் காட்டினாள். பழைய பூச்சு உரிந்துபோய் இருந்தது.

"நீ பிளாஸ்ரறர்தானே. உந்தச் சுவரை நீயே பூசு. வாறவை பாக்கட்டும்."

ரூபனைக் கூட்டிக்கொண்டு போனேன். பழையதை உடைத்து, புதுப் போட் பலகை அடித்து, மேலே பூசினோம். அவர் பூச, நான் குழைக்க. நடுவில் பூசுகிற சாந்தகப்பையை என்னிடமும் கொடுத்தார். பூசி முடிந்தபோது சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. இதை யாரும் இன்றைக்குச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கண்ணாடி மாதிரி. ரூபன் உள்ளங்கையால் ஒருமுறை தடவி, கிபலித்தாதாஹன் என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் வாளியை எடுத்தார். நான் பேணியை எடுத்தேன்.

இங்கே பூசுவது சீமெந்து இல்லை, பின்னால் இருப்பது கல் இல்லை, கடதாசி சுற்றிய போட் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள்தானே சுமந்தோம். ஆனால் பூச்சு பூச்சுதானே. தண்ணீர் காட்டக் கூடாது என்று பூச்சு வந்த பையில் எழுதியிருந்ததாம். எழுதியிருக்கட்டும்.

அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், அக்கா காலையும் மாலையும் தவறாமல் விட்டாள். அத்தான் வேலையால் வந்து, நிலம் ஏன் ஈரம் என்று கேட்டாராம். சுவர் பூசினது என்றாளாம். அதற்குப் பிறகு அவரும் ஒரு பேணி எடுத்தாராம். ஒரு வீடு நிறைய ஆட்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதில் நான் மட்டும் முட்டாளாம்.

குடிபூரல் அன்று சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. அக்கா அந்த இடத்தில் பிள்ளையார் படத்தை மாட்டினாள். நான் கூப்பிட்டு வந்திருந்த ரூபன் அதன் பக்கத்திலேயே நின்றார்.

மிசிசாகாக்காரர் வந்தார்கள். தகப்பன் பட்டுவேட்டி, நேரான முதுகு. எந்தப் பொருளைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற மனிதர். கதவைத் தட்டினார், மேசையைத் தட்டினார், என் தோளையும் தட்டினார். தேவி கையில் பால் தம்ளரோடு ஓரமாக நின்றாள். அவர் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு வாய் காய்ந்தது. அந்த வீட்டில் காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.

"இது நீர் பூசினதோ தம்பி?"

"ஓம் ஐயா."

"தண்ணி விட்டனீரோ?"

"ஒரு கிழமையா விடுறம் ஐயா."

அவர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"காணாது. இன்னும் விடோணும்," என்று சொல்லி, உள்ளங்கையால் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சுவர் வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. நனைந்த பாய் விழுகிற மாதிரி ஒரு சத்தம். ரூபன் பாய்ந்து பிள்ளையாரை ஒரு கையால் ஏந்திக்கொண்டார். மற்றக் கையால் சிலுவை போட்டார். தேவியின் தகப்பன் தலை முதல் பட்டுவேட்டி வரை வெள்ளை. புருவத்திலிருந்து களி சொட்டியது. அக்கா சுவரோடு சாயப் போய், சுவர் இல்லாததால் நிலத்தில் இருந்துவிட்டாள்.

பால் தம்ளரோடு நின்ற தேவி கேட்டாள்.

"அப்பா, இப்ப காணுமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக் காலில் விழ வேண்டிய இடம் அது. எனக்கு விளங்கியது. கலியாணம் போகப்போகிறது என்பதும் விளங்கியது. ஆனால் என் வாயில் வேறு ஒன்றுதான் வந்தது.

"தண்ணி விட்டது பிழையில்லை ஐயா. சுவர் சரியில்லை."

அவர் புருவத்தைத் துடைத்தார். அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. நான் பிழை என்றால், காணாது என்று சொன்னவர் என்னைவிடப் பெரிய பிழை.

"ஓம்," என்றார். "உந்தச் சுவர் சரியில்லை."

பால் குடிக்காமல் போனார்கள். அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். அத்தான் கூலிக்கு ஆள் பிடித்து வேறு போட் அடித்தார். நான் மறுபடி தும்புத்தடியோடு நின்றேன். அந்தக் கிழமை முடிவதற்குள் மிசிசாகாவிலிருந்து தொலைபேசி வந்தது. பெடியன் சொன்ன சொல்லை மாற்றாதவன், அது போதும் என்றாராம் தகப்பன். (வேலை என்ன என்று மறுபடி கேட்கவில்லை.)

கலியாண வீட்டில் ரூபன் அண்ணை தேவிக்கு 'திக்' எப்படி வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுத்தார். அது அவர் எனக்குச் செய்த ஒரே துரோகம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் திக். விளக்கை அணைக்காத மகன் திக்லைற். தொலைபேசியை விடாத மகள் திக்போன். மாமாவுக்குத் திக்காணாது. அவர் கோபித்ததில்லை. நான் திக்தண்ணி.

பூச்சு வேலையைப் பிறகு முறையாகப் பழகினேன். போட் சுவருக்குத் தண்ணீர் விடுவதில்லை. ஆனால் என் வீட்டு வாசல்படி சீமெந்து. நானும் ரூபன் அண்ணையும் போட்டது. போட்ட கிழமை முழுக்க வாளியும் பேணியுமாக நின்றேன். தெருவில் போகிறவர்கள் என்ன நடுகிறேன் என்று கேட்டார்கள். அயலில் எல்லாப் படியும் வெடித்துவிட்டது. என்னுடையதில் ஒரு கீறல் இல்லை. வந்து பார்க்கலாம்.

அப்படிப் படிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது தேவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன திக்தண்ணி, காணுமோ?"

காணாது என்றேன். இன்னொரு பேணி ஊற்றினேன்.