மஞ்சள் தண்ணீரும் கத்துகிற மீட்டரும்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கும் போட்டது, பலகை போடாத வெறும் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்துப் போட்டது.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் தரை கழுவுவதில் புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத்தான் வேலை வாங்குகிற மண்டோரின் பெண்டாட்டி பொட்டு வைப்பாள்.)

மகன் குணா புது வீடு கட்டினான். கூடத்துக்கு மரப்பலகைத் தரை வேண்டும் என்பது மருமகள் மாலதியின் ஆசை. பலகை போட ரவாங்கிலிருந்து வந்த சேகர், கையடக்கமான ஒரு மீட்டரைச் சிமெண்டில் வைத்தார். அது 'பீப்' என்று கத்தியது.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கு. இப்பப் போட்டா பலகை உப்பி எழும்பிடும். காயட்டும்லா."

காயவிட்டோம். பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. அதற்குள் பலகை போட்டாக வேண்டும்.

சேகர் மறுபடி வருகிற நாள். நல்ல காரியம், மஞ்சள் தண்ணீர் படாமல் தொடங்கலாமா? காலையிலேயே முதல் ஆளாகப் போய், வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். வெயில் ஏறியதும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. (என் கையைவிடவா மீட்டர்?)

சேகர் மீட்டரை வைத்தார். பீப். தள்ளி வைத்தார். பீப். கூடம் முழுக்கப் பீப்.

"என்னங்க இது, போன தடவைய விட மோசம்! கூரை ஒழுகுதா?"

மாலதிக்குக் கண் கலங்கிவிட்டது. குணா ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினான். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பைப்பு ஒடைஞ்சிருக்கும்லா" என்றேன்.

சேகர் மூலையில் குனிந்து பார்த்தார். "ஆன்ட்டி, ஒங்க வீட்டுப் பைப்புல தண்ணி மஞ்சளா வருமா?"

மாலதி என் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை மஞ்சள்.

"அத்தை!" அழப்போனவள் சிரித்துவிட்டாள்.

மேலேயிருந்து குணா, "எங்கயும் ஒழுகலியே!" என்று கத்தினான்.

"எறங்கி வாங்க. மழை கீழதான் பெஞ்சிருக்கு!" என்றாள் மாலதி.

குறித்த நாளில் சிமெண்டுத் தரையில்தான் பால் பொங்கியது. கேட்ட சொந்தங்களிடமெல்லாம், "பலகை இன்னும் வந்து சேரல" என்றாள் மாலதி. என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

பிறகு, மீட்டர் வாயடைத்த ஒரு நாளில் பலகை போட்டார்கள். இன்றுவரை ஒன்றுகூட உப்பவில்லை. எல்லாம் அடியில் இருக்கிற மஞ்சளின் மகிமை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பீப்" என்கிறாள் மாலதி, சமையலறையிலிருந்து.