இடது காதுக்கு ஸ்பானிஷ், வலது காதுக்கு ஆங்கிலம்

பேரன்புக்குரிய தங்கை டில்சியாவுக்கு,

எல் ப்ரோக்ரெஸோவிலிருந்து அண்ணன் எலிசேயோ எழுதுவது. நானும் உன் அண்ணி ரெய்னாவும் இரண்டு கோழிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். மூன்றாவது கோழியை உன் மகன் வில்மர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டான். போனில் என் குரலைக் கேட்டதும் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், பேச்சு நடப்பதில்லை. ஆகவே நீ இருக்கிற ஹூஸ்டனுக்குச் சீஸ் மூட்டையோடு பறக்கிற தோமாசா அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, சிரிக்காமல் படி.

விஷயம் இதுதான். வில்மரை மறுபடி பாலைவனம் வழியாகக் கூட்டிவர, எல்லை தாண்டிவிடுகிற ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறாயாமே, வேண்டாம் என்று சொல்லிவிடு. இரண்டு வயசுப் பிள்ளையாக இவனை முதுகில் கட்டிக்கொண்டு நீ கடந்தபோது பதினொரு பேர் கிளம்பி எட்டுப் பேர்தான் போய்ச் சேர்ந்தீர்கள். அதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், நான் மறக்கவில்லை. பையன் இங்கே ஒட்டிக்கொண்டான். எப்படி என்று கேள்.

அந்த நாட்டுக்காரர்கள் அவனைப் பிடித்து விமானத்தில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டபோது ஷூவில் கயிறுகூட இல்லை, காவலில் வைத்தபோது உருவிக்கொண்டார்களாம். இருபத்திரண்டு வயசு ஆள், வாத்து மாதிரி காலை இழுத்துக்கொண்டு வந்தான். புதுக் கயிறு வாங்கிக் கொடுத்தும் கட்ட மாட்டேன் என்கிறான், அது ஒன்றுதான் குறை. ஸ்பானிஷில் அவனுக்குத் தெரிந்தது மூன்றுதான்: "சாப்பிடு", "குளி", "இந்நேரம் வரைக்கும் எங்க போன?" இரண்டு வேலைக்கு நடுவே ஓடுகிற நீ வேறென்ன சொல்லிக் கொடுத்திருப்பாய்! என் பஞ்சர் கடையில் உட்கார வைத்தேன். முதலில் வந்த லாரிக்காரரிடம், "இந்நேரம் வரைக்கும் எங்க போன?" என்றான். அந்த மனுஷன் வெலவெலத்துப்போய், பெண்டாட்டியிடம் சொல்ல வைத்திருந்த பதிலை இவனிடம் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பையன் கடைப்பக்கமே வரவில்லை. மூன்று வாரம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான்.

சந்தையில் ஒரு சினிமா டிஸ்க் வாங்கினேன், அட்டையில் 'இரு மொழி' என்று போட்டிருந்தது. மத்தியானம் கடையை அடைத்து, ஜன்னலில் போர்வை கட்டி, தகரக் கூரைக்கடியில் மூன்று பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். விண்வெளிக் கப்பல், அதில் ஆறு பேர், ஆளுக்குள்ளே புகுந்து அந்த ஆள் குரலிலேயே பேசுகிற ஒரு ஜந்து. ஒரு சமயத்தில் ஒரு மொழிதான் வரும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன, டிவியின் இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் ஆங்கிலம். கேப்டன் வாயைத் திறந்தால் இரண்டு ஆண் குரல். ஜந்து வருவதற்கு முன்பே ரெய்னா சிலுவை போட்டாள்.

"யோவ், எல்லாருக்குள்ளயும் அது அப்பவே பூந்துருச்சுய்யா! நிறுத்து!"

"அடியே, அது மொழிடி!"

"மொழியோ பேயோ, நிறுத்துய்யா!"

அப்போதுதான் வில்மர் எழுந்து, தன் காதில் மாட்டுகிற ஒயரைக் கொண்டுவந்து செருகினான். இடது காதுக்குரியதை எனக்குக் கொடுத்தான், வலதைத் தான் வைத்துக்கொண்டான். ஒயர் ஒரு சாண்தான் பிரியும், கன்னத்தோடு கன்னம் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. ஜந்து பாய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். உன் மகனும் நானும் சேர்ந்து புரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

கடைசியில் ஒருத்தன் மட்டும் தப்பிப் பூமிக்கு வருகிறான். அந்த ஜந்து இவனுக்குள் இருக்குமோ என்று கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். "நான் இங்கே வளர்ந்தவன், திறவுங்கள்" என்று தட்டிக்கொண்டே இருக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. வில்மர் அழுதான். நான் வேர்வை கண்ணில் விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் அதே படம், பதினாறு தடவை. காதை மாற்றி மாற்றி வைத்து ஸ்பானிஷ் கற்றுக்கொண்டான், ஆனால் விண்வெளி ஸ்பானிஷ். டயரைக் கழற்றினால், "கேப்டன், காற்றழுத்தம் வேகமாகக் குறைகிறது. நமக்கு நான்கு நிமிடங்களே உள்ளன" என்கிறான். லாரிக்காரர்கள் சல்யூட் அடிக்கிறார்கள். ரெய்னா பீன்ஸ் வைத்தால், "இந்த உயிரினம் இன்னும் உயிரோடு உள்ளதா?" என்கிறான், அவள் கரண்டியை ஓங்குகிறாள்.

போன மாதம் பேட்டை ரவுடிக் கூட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வில்மர் கையில் உன் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறானே, அது எதிர்க் கூட்டத்து அடையாளமாக அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. இவர்கள் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்ன ரொட்டிக்கடைக்காரர் மகனைக் கரும்புத் தோட்டத்திலிருந்து பிணமாகத்தான் தூக்கிவந்தோம்.

"எவன் ஆளுடா நீ? கையில என்ன குத்து?"

நான் ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வில்மர் நிதானமாக, "அருகில் வராதீர்கள். அது எனக்குள் இருக்கிறது. என்னைத் தொட்டால் அனைவரும் இறப்பீர்கள்" என்றான்.

"டேய், லூசுடா இது. வா போலாம்."

போய்விட்டார்கள். லூசை யாரும் கூட்டத்தில் சேர்ப்பதில்லை, சுடுவதுமில்லை. ஆகவே கவலையை விடு. பாலைவனத்தில் புத்திசாலியாகக் காய்ந்து கிடப்பதைவிட இங்கே லூசாக இருந்து பேரன் பேத்தி பார்க்கட்டும்.

கன்னிமாதா உன்னையும் உன் இரண்டு வேலைகளையும் உன் மூட்டு வலியையும் பார்த்துக்கொள்ளட்டும். தோமாசா அம்மாவிடம் சீஸை எண்ணி வாங்கு, வழியில் கடிப்பாள்.

இப்படிக்கு,
உன்னைவிட அழகான அண்ணன்,
எலிசேயோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், நேற்று மத்தியானம், அந்த இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். வில்மர் பழையபடி "அருகில் வராதீர்கள்" என்று ஆரம்பித்தான். பெரியவன் கையைக் காட்டி நிறுத்தி, மீதி வசனத்தை ஒரு சொல் பிசகாமல் தானே சொல்லி முடித்தான். "சந்தையில எங்களுக்கும் அந்த டிஸ்கு கெடைக்கும், கேப்டன்" என்றான். வெள்ளிக்கிழமை இவனைக் கூட்டிப்போக வருவார்களாம். ஆகவே மேலே எழுதியது ஒன்றும் செல்லாது. பாலைவனம் வழியாகக் கூட்டிவருகிற அந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. இன்று காலை வில்மரை நானே எல்லைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்தப் புதுக் கயிற்றை அவன் ஷூவில் நானே குனிந்து கட்டினேன், சும்மா நின்றான். ஒயரை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கடைசிக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்தேன். வலது காதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கதவு தட்டுகிற சத்தம் மட்டும் இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இரண்டாவது வேலைக்குப் போகாதே டில்சியா, வீட்டிலேயே இரு. தட்டினால் திற.