லிட்டர் சாரின் அலங்கார ஆங்கிலம்

பொன்னேரியில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் ஒரு பெட்டி ஜனத்துக்கே இங்கிலீஷ் ஏற்றிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். இன்னொருவர் பிறந்தால் அந்தப் பெட்டியில் ஏற எனக்குத் தெம்பில்லை.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். பெயிண்ட் அடைக்கிற தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. அவர் ஸ்டோர் கீப்பர். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று கம்பெனி வேலைக்கு, இன்னொன்று இங்கிலீஷுக்கு. தவறிப்போய் மாற்றி எழுதிவிட்டால் அன்று முழுக்க முகம் வாடியிருக்கும்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் அவர் ஒரு புத்தகம் வாங்கியிருந்தார். ஆங்கிலப் பேச்சில் வரும் அலங்காரங்கள் அத்தனைக்கும் பெயரும் விளக்கமும் அகர வரிசையில் கொடுத்த புத்தகம். முன்பாதியைக் கரையான் தின்றுவிட்டதால் ‘எல்’ எழுத்தில்தான் ஆரம்பித்தது. ஆகவே ‘ஏ’ முதல் ‘கே’ வரை அவருக்குக் கிடையாது. ‘ஐரனி’ என்றால் என்னவென்று தெரியாமலே அதற்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்.

மிஞ்சிய பாதியில் முதலில் இருந்த வார்த்தை ‘லிட்டோட்டீஸ்’. ஒன்றை நேராகச் சொல்லாமல், அதற்கு எதிரானது இல்லை என்று சொல்வது. நல்லவன் என்பதற்குப் பதில் ‘கெட்டவன் இல்லை’. மனிதர் இதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வியர்வை சொட்ட நின்று, “இன்னிக்குக் குளிருதுன்னு சொல்ல முடியாது” என்பார். கேன்டீன் உப்புமாவை வாயில் போட்டு, “உப்பு இல்லாம இல்ல” என்பார். எல்லோருக்கும் அந்தச் சொல்லை விளக்கினார். தொழிலாளர்களின் நாக்கில் அது நிற்கவில்லை. ஒரே வாரத்தில் லிட்டோட்டீஸ் சார், ‘லிட்டர் சார்’ ஆகிவிட்டார். அந்தச் சொல்லை ‘லைட்டோட்டீஸ்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று ரொம்பப் பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. அப்போதே தெரிந்திருந்தால் வெறும் ‘லைட்டு’ ஆகியிருப்பார், பின்னால் வந்த வம்பும் வந்திருக்காது.

ஒருமுறை மானேஜர் இன்டர்காமில் தகரம் போதுமான அளவு இருக்கிறதா என்று கேட்டார். இவர், “நாட் இன்சஃபிஷியன்ட், சார்” என்றார். மிஷின் இரைச்சலில் முதல் வார்த்தை காணாமல் போய், ‘போதாது’ என்பது மட்டும் மானேஜர் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு லாரித் தகரம் வந்து இறங்கியது. ஸ்டோரில் இடமில்லை. வராந்தாவில் அடுக்கினோம், சைக்கிள் ஸ்டாண்டில் அடுக்கினோம். ஒரு மாதம் நாங்கள் தகரத்தின் மேல் உட்கார்ந்துதான் நாஷ்டா சாப்பிட்டோம். மானேஜர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். இவர் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார். அதில் மெட்டஃபர் இருந்தது, பாரடாக்ஸ் இருந்தது, விளக்கம் மட்டும் இல்லை. மானேஜர் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, மூலையில் ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எந்த மானேஜருக்கு மனசு வரும்?

ரயிலில் அவருக்கு வாய்த்த சிறந்த மாணவி எல்லம்மா. பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையோடு வந்து பொன்னேரியில் எங்களோடு ஏறுவாள். ஒரு நாள் ‘ஆக்ஸிமோரான்’ பாடம்.

“எதிரும் புதிருமா ரெண்டு வார்த்த ஒண்ணா ஒட்டிக்கினு இருந்தா, அதான் ஆக்ஸிமோரான்” என்றார் லிட்டர் சார்.

எல்லம்மா வெற்றிலையை மென்றபடி யோசித்தாள். “எங்க ஊட்டுக்காரரு மாதிரியா? சுறுசுறுப்பான சோம்பேறி.”

லிட்டர் சார் உடனே இங்கிலீஷ் பேனாவை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் யாரோ கூடையை மிதித்தபோது, “யோவ் ஆக்ஸிமோரான், காலை எடுய்யா” என்று எல்லம்மா அதட்டியதை நானே கேட்டேன். மிதித்தவன் நடுங்கிப்போய் அடுத்த ஸ்டேஷனிலேயே பெட்டி மாறிவிட்டான்.

இப்படி இருக்கையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். கவரப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பம். பெண்ணின் பெயர் வசந்தா. பார்த்துவிட்டு வந்த மறுநாள் லிட்டர் சார் கம்பெனிப் பேனாவால் நோட்டில் இங்கிலீஷ் எழுதினார், கவனிக்கவே இல்லை. ஆள் காலி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் பத்தாம் நாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பெண் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. “நான் சந்தோஷமா இருக்கேன்னு சொல்ல முடியாது” என்றார் லிட்டர் சார். முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு ரயிலில் புத்தகத்தையே திறக்கவில்லை. பெட்டி மொத்தமும் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தது.

காரணத்தைக் கொண்டுவந்தவள் எல்லம்மாதான். அந்தக் கிராமத்திலும் அவள் மீன் விற்கிறாள்.

“இன்னா சாரு, நீ லிட்டர் லிட்டரா குடிப்பியாமே? பொண்ணோட அப்பா சொல்லிக்கினு கீறாரு. உங்க கம்பெனி வாசல்லயே விசாரிச்சாராம்.”

டீயில் சர்க்கரை கூடினாலே தலை வலிக்கிறது என்பவர் அவர். கம்பெனிக்குப் போனதும் வாட்ச்மேனைப் பிடித்தேன். “ஆமா சார், ஒரு பெரியவரு வந்தாரு” என்று பெருமையோடு ஒப்பித்தான்.

“நம்ம ஸ்டோர் கீப்பரு எப்பிடின்னு கேட்டாரு. யாரு, லிட்டரான்னேன். ஏன் அந்தப் பேருன்னாரு. அவரு காலைல ரயில்லயே ஆரம்பிச்சிடுவாரு, சாயந்தரம் வரைக்கும் நிறுத்த மாட்டாருன்னேன். தனியாவான்னாரு. தனியா எங்க, நாலு பேரக் கூட சேத்துக்குவாரு, மொதல்ல எனக்கும் தல சுத்திச்சி, இப்ப பழகிப்போச்சின்னேன். நல்லாத்தான சார் சொல்லிகீறேன்?”

அவன் இங்கிலீஷைச் சொன்னான். பெரியவர் காதில் அது சாராயமாக விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டர் சாரை இழுத்துக்கொண்டு கவரப்பேட்டையில் இறங்கினேன். பெரியவர் களத்தில் நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே லிட்டோட்டீஸை விளக்கினேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ, இவரு குடிக்கிறவரு இல்லன்னு சொன்னா, குடிக்கிறவருன்னு அர்த்தமா?” என்றார்.

பிறகு லிட்டர் சார் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. எம் பொண்ணப் பத்தி இன்னா நெனைக்கிறீங்க?”

லிட்டர் சார் தொண்டையைச் செருமினார். நேராகச் சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பலிக்கவில்லை.

“பாக்கச் சகிக்காதவங்க இல்ல” என்றார்.

பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். நான் ஸ்டேஷன் பக்கம் வழி பார்த்தேன். அப்போது வாசற்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வசந்தா.

“நைனா, கோவப்படாத. நான் பாக்க நல்லா கீறேன்னுதான் சொல்றாரு.” பிறகு நேராக அவரைப் பார்த்தாள். “எனக்குப் புரிஞ்சிபோச்சி. ஆனா, ஒருதரம் நேராவே சொல்லிடுங்களேன். எனக்கும் கேக்கணும்னு இருக்காதா?”

மனிதரின் கை சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

“உங்களப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல” என்றார். “உங்களத்தான் கட்டிக்கணும். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.”

பெரியவர் உதறிய துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “குடிக்க மோர் கொண்டாம்மா” என்றார் மகளிடம். “அவருக்கு ரெண்டு டம்ளரா கொடு.”

தை மாதம் கல்யாணம். எல்லம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து, பரிமாற வந்தவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளை தன்னோடு படித்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. சென்ட்ரலுக்கு வழியனுப்ப வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்து, வசந்தா கட்டிக்கொடுத்த புளிசாதத்தோடு வந்தார் லிட்டர் சார். இரண்டு நாள் பயணம் முழுக்க எனக்குப் போதும்படி ஒரு பிரசங்கம் நிகழ்த்துவார் என்று தயாராக இருந்தேன். அவரோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வைத்திருக்கிறாயா, ஸ்வெட்டர் எடுத்தாயா என்று மட்டும் கேட்டார். விசில் ஊதியது. வண்டி மெல்ல நகர்ந்தது. அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார், பிறகு ஓடினார். பிளாட்பாரம் முடியப்போவது எனக்குத் தெரிந்தது. கையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிளாட்பாரத்தின் விளிம்பில் அவராகவே விட்டுவிட்டு, வண்டி மறையும் வரை கையசைத்துக்கொண்டு நின்றார்.