எருமை எங்கே பார்க்க வேண்டும்?

எருமை எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதைக் குழு அமைத்து முடிவுசெய்த பெருமை உலகிலேயே திருநெல்வேலிக்கு மட்டும்தான் உண்டு.

வண்ணார்பேட்டை ஆற்றங்கரைச் சுவரில் மதுமதி வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய முதல் சுவர். பென்சிலால் கட்டம் போட்டாள், வெள்ளை அடித்தாள், பிறகு வண்ணம். எருமைக்கு ஆரஞ்சு, ஆடுகளுக்கு ஊதா, மனிதர்களுக்குக் கிளிப்பச்சை. கண்களை மட்டும் கடைசியில்தான் வைப்பாள். கண் வைக்காத படத்தில் பெயர் எழுத மாட்டாள்.

கண் வைக்கும் நாளில் 'எழிலூட்டுக் குழு' வந்து சேர்ந்தது.

"எருமை எங்கன பாக்கப்போவுது?" என்றார் தலைவர் பூதலிங்கம்.

"கிழக்க, சார்."

"கிழக்க நம்ம ஆபீசுல்லா இருக்கு! எருமை நம்மளையே பாத்துக்கிட்டு நின்னா சனம் என்ன நெனைக்கும்?"

"மேற்க திருப்பட்டுமா?"

"அங்கன குப்பைமேடு."

"அப்ப நேரா, ஆத்தப் பாக்கட்டும்."

குழு நடுங்கியது. நேர் எதிரே, ஆற்றுக்குள் குழு ஆபீசின் கழிவுநீர்க் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

உறுப்பினர் குமரகுருபரன் தொண்டையைச் செருமினார். "பேசாம எல்லாக் கண்ணையும் மூடிருவோம், சார்."

"அருமையாச் சொன்னீரு வே!"

தீர்மானம் நிறைவேறியது: சுவரிலுள்ள பதினோரு மனிதர்களும் ஒன்பது விலங்குகளும் 'இயற்கையோடு இயைந்த தியானத்தில்' இருப்பார்கள். மறுத்தால் சுவருக்கு மறுபடி வெள்ளை.

மதுமதி தீர்மானத்தை இருமுறை படித்தாள். அதில் பறவை என்ற சொல்லே இல்லை. இருபது ஜோடி இமைகளை இறக்கினாள். எருமை முதுகில் நின்ற கொக்குக்கு மட்டும் கண் வைத்தாள். பெயர் எழுதக் கை வரவில்லை.

திறப்பு விழாவுக்கு மேலதிகாரி அம்மையார் வந்தார். வேடிக்கை பார்க்க வந்த எருமைக்காரர் இசக்கி உரக்கக் கேட்டார்: "என்ன வே, ஆளு மாடு எல்லாம் ஒறங்குது?"

"தியானம், வே!" என்றார் பூதலிங்கம்.

"கொக்கு முழிச்சிருக்கே," என்றார் அம்மையார். "அது எதைப் பாக்குது?"

கேட்டபடியே திரும்பினார். கூட்டமும் திரும்பியது. குழாய் கறுப்பாகக் கொட்டியது.

"இந்தக் குழாய்க்கு யார் பொறுப்பு?"

பூதலிங்கம் மெல்லக் கண்ணை மூடினார். குமரகுருபரனும் மூடினார்.

மதுமதி எண்ணிப் பார்த்தாள். மனிதர்கள் இப்போது பதிமூன்று. படம் முழுமையாகிவிட்டது.

தூரிகையை எடுத்து, கீழே தன் பெயரை எழுதினாள்.