மூன்று கலவையில் ஒரு கூரை

சோதனைக்கூடத்தில் கல்லையும் இரும்பையும் நசுக்கிப் பார்த்தே பெயரெடுத்த என் தங்கை மகனுக்கு, உன் தாய்மாமன் வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், கூரை ஒன்று நீங்கலாக.

உன் அத்தை தையல் வகுப்புக்காக வீட்டின் பின்னால் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை எழுப்பியது உனக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை கொத்தனார் கூரைக்கு அடியில் நிறுத்திய முட்டுகளை எடுக்கிறார். எடுத்த கையோடு அத்தை ஐந்து மெஷின்களோடும் எட்டுப் பெண்களோடும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கூரை நிற்குமா, விழுமா? எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. படித்தவன் வாயால் கேட்டால் ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். கான்கிரீட் போடும் அன்று கம்பி கட்டி முடித்த கொத்தனார், "பக்கத்துல ஒரு வேலை, பாத்துட்டு வந்துடறேன். ஒரு பங்கு சிமெண்ட்டு, ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க ஐயா" என்று போனார். நானோ பெரிய பாலத்துக்கே யோசனை சொன்னவன் (அவர்கள் கேட்கவில்லை, அது அவர்கள் தலையெழுத்து). உதவிக்கு வந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். நல்ல பொருளை ஏன் கஞ்சத்தனமாகப் போடவேண்டும் என்று முதல் கலவையில் சிமெண்ட்டை இரண்டு மடங்காக்கினேன். அந்தப் பக்கம் இப்போது என் உள்ளங்கை ரேகை மாதிரி விரிசல் ஓடுகிறது. அந்தக் கலவை மண்வெட்டிக்கு மசியாமல் கை விட்டுப்போனதால் இரண்டாவதில் தண்ணீரைத் தாராளமாக விட்டேன். ஆறு மாதிரி ஓடிப் பரவியது, பார்க்கவே அழகு, ஆனால் இன்று விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. மூன்றாவதுதான் என் மூளை. நார் கலந்தால் கான்கிரீட்டுக்குப் பலம் என்று நீதானே ஒரு முறை சொன்னாய்? அத்தையின் நைலான் நூல்கண்டு பன்னிரண்டை வெட்டிப் போட்டேன். அது பரவாமல், அடைத்த சாக்கடையில் முடி சுருண்டதுபோல ஒரே உருண்டையாகிவிட்டது. அதையும் உள்ளே வைத்து அழுத்திவிட்டேன்.

கொத்தனார் வந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, இது ஒரு கூரையா, மூணு கூரையா?"

"பலம் கூடட்டும்னுதான்..."

"கம்பி நான் கட்டுனது, அது தாங்கும். மத்ததுக்கு நீங்கதான் பொறுப்பு."

அன்று முதல் தூக்கமில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை கூரைமேல் தண்ணீர் ஊற்றுகிறேன். அத்தை, "குழந்தைய குளிப்பாட்டுற மாதிரி என்ன அப்படி ஊத்துறீங்க? அது சரி, என் நூலெல்லாம் எங்க?" என்கிறாள். எலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் அவள் கேட்ட ஒரே அறை இதுதானப்பா. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கருவியோடு வந்து தட்டிப் பார்த்துச் சொல். அவளிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன் அம்மாவுக்கு என் அன்பு. நீ நூறாண்டு இரு, உறுதியான கூரையின் கீழ்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உன் மாமன்

பின்குறிப்பு: உறை தேடப் போன நேரத்தில் அத்தை இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை. கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய், அளவெடுக்கும் நாடாவை முட்டின் தலைக்கும் கூரையின் அடிப்பலகைக்கும் நடுவில் விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. எல்லா முட்டிலும் போனது. "போன வாரமே கொத்தனார் தளர்த்திட்டார். உங்ககிட்ட சொன்னா, சோதிக்கிறேன்னு கூரை மேலயே ஏறி உக்காந்துக்குவீங்கன்னு சொல்லல" என்கிறாள். ஆக, கூரை தானாகத்தான் நிற்கிறது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. ஆனாலும் வா. அவள் இப்போதே ஒரு மெஷினை உள்ளே போட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் எதிரில் நாற்காலி போட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலிக்கிறது.