ஞாயிறு ஐந்து மணி நீலப் பேருந்து

வலைப்பூவில் பதிவைப் போட்டு ஒரு வாரமாகியும் தேடுபொறிக்கு உச்சிமாகாளியைத் தெரியவில்லை. தலைப்பை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடினான். கொசுவலை விற்பவர்கள் வந்தார்கள், ஜாதகம் பார்ப்பவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை.

ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி பொருத்தும் லைனில் அவனுக்கு வேலை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் முதல் சீட்டில் சாய்ந்து அரைத் தூக்கம் தூங்குவான். கனவு வரும். விழித்ததும் அதைப் போனில் தட்டி வலைப்பூவில் போடுவான். டிரைவர் தாண்டவராயன் பேசாத மனிதர்; உள்கண்ணாடியில் அவருடைய மீசை மட்டும் கூடவே வரும். எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றும். அறைக்குப் போய் முகம் கழுவும்போது இல்லை என்று தோன்றிவிடும்.

இம்முறை எழுதியது ஒரு நீலப் பேருந்தைப் பற்றி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அது ஒரகடம் மேம்பாலத்தடியில் வந்து நிற்கும். வெயிலடித்தாலும் அதன் ஜன்னல்களில் மழைத்துளி இருக்கும். ஏரித் தண்ணீரின் மேலே, வாத்துகளை எழுப்பாமல், வாலாஜாபாத் வரை போகும். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெண். அவள் பக்கத்தில் யாரோ இடம்பிடித்துப் போட்ட மஞ்சள் கைக்குட்டை. எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அதை ஒருவரும் நகர்த்துவதில்லை.

அந்தப் பெண் பேக்கிங் பிரிவின் மாரிசெல்வி. அவளும் தெற்கத்திக்காரிதான். கேன்டீன் வரிசையில் வலைப்பூவைப் பற்றி அவளிடம் சொன்னபோது குரல் தணித்துச் சொன்னாள்:

“லிங்க் கிங்க்னு எதையும் அனுப்பிராதீக. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி போன் அடிச்சா ஆறு பேரு எட்டிப் பாப்பாளுவ. நானே தேடிப் படிச்சுக்கிடுதேன்.”

ஆக, அவனுக்கும் அவளுக்கும் நடுவே தூது போகவேண்டியது தேடுபொறிதான். அது அசைவதாக இல்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் மாலை கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் பிரசன்னாவிடம் போய் நின்றான். பிரசன்னா அவன் வலைப்பூவின் பக்கங்களை ஒரு வரைபடமாக்கித் தேடுபொறிக்குக் கொடுத்தான். புதுப் பதிவு வந்திருக்கிறது, வந்து பார் என்று ஒரு விண்ணப்பமும் தட்டினான். பிறகு தலைப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“‘நீல மயக்கம்’னு எவன்பா தேடுவான்? ஜனம் இன்னா தேடுதோ அத வை தலைப்புல.”

மாரிசெல்வி எதைத் தேடுவாள் என்று உச்சிமாகாளி ஷேர் ஆட்டோவில் முறையாக யோசித்தான். ஹாஸ்டல் பெண்கள் ஞாயிறு தோறும் வாலாஜாபாத் கடைத்தெருவுக்குப் போவார்கள். பஸ் கிடைக்காமல் திண்டாடுவார்கள். தலைப்பை மாற்றினான்: ‘ஒரகடம் – வாலாஜாபாத் பஸ் நேரம், ஞாயிறு மாலை.’

மறுநாளே ஜனம் வந்தது. முதல் கருத்தை அவசரமாகத் திறந்தான். ‘டிக்கெட் எவ்ளோ?’ என்றிருந்தது. அடுத்தவர் ஏசி உண்டா என்று கேட்டிருந்தார். வாத்துகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மனசாட்சி உறுத்தியது. பதிவின் தலையில் ஒரு பத்தி சேர்த்தான்: இந்த ஒரகடம் – வாலாஜாபாத் பேருந்து கனவில் ஓடுவது, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அது இன்னும் மோசமாயிற்று. பதிவு புதுப்பிக்கப்பட்டதைத் தேடுபொறி மெச்சிக்கொண்டது. எல்லோருக்கும் மேலே கட்டம் கட்டி, தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துப் போட்டது: ‘ஒரகடம் – வாலாஜாபாத் பேருந்து, ஞாயிறு மாலை ஐந்து மணி.’

“அழிச்சுரட்டுமா?” என்றான் பிரசன்னாவிடம்.

“அழிச்சா மட்டும்? அது இன்னும் நாலு நாளைக்கு அதையேதான் காட்டிகினு இருக்கும். அத்த வுடு, இத்தப் பாரு.” பிரசன்னா வருகைக் கணக்கைத் திருப்பிக் காட்டினான். வந்தவர்கள் எல்லோரும் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் தினமும் முற்பகலில் வந்து, கடைசி வரி வரை போய், பழைய கனவுகளையும் விடாமல் படித்திருந்தார். “உனக்குன்னு ஒரு ஜீவன் கீதுபா.”

உச்சிமாகாளிக்குக் காது சூடாயிற்று. முற்பகலில் அவன் ஷிஃப்ட்காரர்கள் போன்களை லாக்கரில் வைத்துவிட்டு லைனில் நிற்பார்கள். அந்நேரம் படிக்க முடிந்தவள் இரண்டாம் ஷிஃப்ட்டில் இருப்பவள். மாரிசெல்விக்கு இப்போது இரண்டாம் ஷிஃப்ட். கணக்கு சரியாகவே இருந்தது. பதிவை அழிக்கும் எண்ணத்தை விட்டான்.

ஞாயிறு மாலை மேம்பாலத்தடியில் கூட்டம், அவன் பயந்ததைவிடப் பெரிது. கூடையும் குழந்தையுமாகக் குடும்பங்கள், ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பியவர்கள், ஹாஸ்டல் பெண்கள். நடுவில் மாரிசெல்வி. மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் அனுப்பிவிட வந்தவன் அவள் பக்கமாக நடந்தான்.

“நீங்களும் இந்த வண்டிக்குத்தான் நிக்கியளா?” என்றாள்.

“அந்தப் பதிவ... முழுசா படிச்சியளா?”

“அத யாரு படிப்பா? நேரத்த மட்டும் பாத்தேன். கீழ மழ, வாத்துன்னு என்னமோ கெடந்துச்சு. எழுதுனவனுக்கு வேல இல்ல போலுக்கு.”

வானம் துளி மேகமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. அப்படியானால் தினமும் வந்தது யார்? யாராயிருந்தால் என்ன. உச்சிமாகாளி சாலைத் தடுப்புக் கட்டையின் மேல் ஏறி நின்று, இங்கே எந்தப் பஸ்ஸும் வராது என்று சொல்ல வாயைத் திறந்தான்.

வளைவில் ஒரு நீல நிறம் தெரிந்தது. மெதுவாக, தண்ணீரில் மிதப்பதுபோல வந்து பாலத்தடியில் நின்றது. அதன் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் முண்டியடித்து ஏறியது. தான் இன்னும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று உச்சிமாகாளி கையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. மூன்றாவது ஜன்னலில், துளிகளுக்குப் பின்னால், மாரிசெல்வியின் முகம். அவள் பக்கத்தில் உட்கார வந்தவர் எதையோ குனிந்து பார்த்துவிட்டு, ஆள் வருது போல என்று முனகிக்கொண்டு பின்னால் போனார்.

கீழே நின்றது உச்சிமாகாளி மட்டும். டிரைவர் பக்க ஜன்னலிலிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது. அவர் காலடியில் தண்ணீர் சொட்டும் காலி பக்கெட் ஒன்று உருண்டது.

“இன்னாபா முழிக்கிற? கம்பெனி வண்டி, ஞாயித்துக்கெழம சும்மாதான நிக்குது, ஓனர்கிட்ட கேட்டுகினு வந்துட்டேன்,” என்றார் தாண்டவராயன். “நீ எழுதறத கண்ணாடில பாத்து வலைப்பூவ கண்டுபுடிச்சேன், ஷெட்ல வண்டிய வுட்டு தெனம் காலைல படிப்பேன். மஞ்சக் கர்ச்சீப்பு ஒண்ணுதான் கெடைக்கல, செவப்பு போட்டு வெச்சிகிறேன், ஏறு.”