ஒரு 'பைய', ரெண்டு இஞ்சின்

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போயி ஒரே ஒரு வார்த்தைய நீக்கிட்டு வரணும். அவ்வளவுதான் வேலை.

வெவரம் இதுதான். எங்க சங்கரன் அண்ணாச்சி 'பொருநை'ன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி செஞ்சிருக்காரு. தமிழ்லயே புரோகிராம் எழுதலாம். அந்த மொழிய ஓட்டுத இஞ்சினும் அவரு எழுதுனதுதான். அதனால எங்களுக்குச் சட்டம், விதி ஒண்ணும் கிடையாது. அண்ணாச்சி இஞ்சின்ல ஓடுனா சரி, ஓடலன்னா தப்பு.

ஆனா அது போன்ல ஓடாது. நான் சும்மா இருந்திருக்கலாம். போன்ல ஓடுத மாதிரி ரெண்டாவதா ஒரு இஞ்சின் எழுதுனேன்.

புரோகிராம் கொஞ்ச நேரம் நிக்கணும்னா அண்ணாச்சி மொழியில 'பொறு'ன்னு எழுதணும். அதே வேலைக்கு நான் சோதனையா 'பைய'ன்னும் ஒண்ணு சேத்து வச்சேன். எடுக்க மறந்துட்டேன். உவரி ஜெசிந்தா டீச்சர் வகுப்புப் பிள்ளையெல்லாம் என் இஞ்சின்ல பழகி, எல்லாத்துலயும் 'பைய' போட்டுட்டாங்க.

திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக் கண்காட்சி. அங்கன இருக்க கம்ப்யூட்டர் பூரா அண்ணாச்சி இஞ்சின். 'பைய'ன்னு பாத்தா 'தெரியாத சொல்'லுன்னுரும். பிள்ளைய புரோகிராம் எழுதிச் செஞ்ச படகு ஸ்கிரீன்ல கரையவிட்டே நகராது.

ஞாயித்துக்கிழமை பொருநைக்காரங்க கூட்டத்துல எந்திச்சு, "தப்பு என்னுது. அந்த வார்த்தைய எடுத்துருதேன், பிள்ளைய 'பொறு'ன்னு மாத்திக்கிடட்டும்"னேன்.

"எடுக்கதுக்கு நீங்க யாரு தம்பி? பிள்ளைய எழுதிப் பழகிட்டுல்லா"ன்னாங்க டீச்சர்.

"சேக்கதுக்கு மட்டும் இவன் யாரு? மொழி என்னுது"ன்னாரு அண்ணாச்சி.

"உங்களுதுதான் அண்ணாச்சி. ஆனா பாதிப் பேரு இவரு இஞ்சின்லல்லா ஓட்டுதாங்க. அப்போ எது பொருநை?"ன்னாங்க டீச்சர்.

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன்.

அண்ணாச்சி மூஞ்சி சுருங்கிப்போச்சு. "சரி, அவசரப்பட வேண்டாம். பைய யோசிப்போம்"னாரு.

டீச்சர் சிரிச்சுட்டாங்க. "இந்தா, நீங்களே சொல்லிட்டீயளே."

அண்ணாச்சியாலயும் சிரிப்ப அடக்க முடியல. அன்னைக்கே எங்க மொழிக்கு முதல் சட்டம் போட்டோம். ரெண்டு இஞ்சின்லயும் ஓடுனாத்தான் அது பொருநை வார்த்தை. வாசகம் என்னுது. எல்லாரும் கை தூக்குனாங்க. அண்ணாச்சி அங்கனயே லேப்டாப்பத் தொறந்து 'பைய'யச் சேத்து, "ஓடுதுலே"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல.

திங்கக்கிழமை. படகு கடலுக்குப் போயி, 'பைய'ன்னு வருத இடத்துல கொஞ்சம் நின்னு, வலைய இழுத்துட்டுக் கரைக்கு வரணும். என் போன்ல அப்படித்தான் வந்துச்சு.

கண்காட்சி கம்ப்யூட்டர்ல அது நிக்கவே இல்ல. அந்த இடத்துலருந்து நத்தை மாதிரி ஊர ஆரம்பிச்சுட்டு.

"என்ன அண்ணாச்சி இது?"

"பையன்னா மெதுவான்னுதானலே அர்த்தம்? மெதுவா ஓட்டச் சொல்லிருக்கேன்."

"நிக்கணும் அண்ணாச்சி."

"நிக்கதுக்குத்தான் 'பொறு' இருக்குல்லா? ரெண்டுலயும் ஓடணும்னுதான நீ சட்டம் எழுதுன? ஓடுதா இல்லியா?"

ஓடத்தான் செஞ்சுது.

சிறப்பு விருந்தினர் படகு முன்னால வந்து நின்னாரு. நின்னுக்கிட்டே இருந்தாரு. பிள்ளைய மூஞ்சியெல்லாம் அழப்போற மாதிரி ஆயிட்டு.

டீச்சர்தான் காப்பாத்துனாங்க. "இன்னைக்கு மீன்பாடு ஜாஸ்தி சார். பாரம். பையத்தான் வரும்."

அவரு அசந்துபோயி கை தட்டுனாரு. பாரத்தையெல்லாம் கணக்குல எடுத்துப் புரோகிராம் எழுதியிருக்காங்கன்னு மைக்குல வேற பாராட்டுனாரு. பிள்ளைய முகத்துல அப்பதான் சிரிப்பு வந்துச்சு.

இப்போ ரெண்டாவது சட்டமும் போட்டாச்சு. ரெண்டு இஞ்சின்லயும் ஓடுனா மட்டும் பத்தாது, ஒண்ணுபோல ஓடணும்.

'ஒண்ணுபோல'ன்னா என்னன்னு அண்ணாச்சி ஒரு அர்த்தம் வச்சிருக்காரு, நான் ஒரு அர்த்தம் வச்சிருக்கேன்.